சிம்கோ ஏரியில் பனிக்கட்டி எத்தனை அங்குலம்?

ஜனவரிக் கடைசியில் ஒண்டாரியோவில் தூண்டில்காரர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், நலம் விசாரித்த கையோடு "எத்தனை அங்குலம்?" என்று கேட்டுக்கொள்வார்கள். ஏரியின் மேல் உறைந்திருக்கும் பனிக்கட்டியின் கனத்தைப் பற்றிய கேள்வி அது. அதற்கு ஒரே ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்பவரை நம்பி ஏரியில் இறங்கக் கூடாது. சிம்கோ போன்ற பெரிய நன்னீர் ஏரி முழுவதற்கும் ஒரே கனம் என்று ஒன்று கிடையாது. ஒரே நாள் காலையில் தெற்கு விரிகுடாவில் ஒரு அடிக்கு மேல் இறுகிய பனிக்கட்டி கிடக்கும். மேற்கே ஆழமான விரிகுடாவில் நாலு அங்குலம்தான் இருக்கும். நடு ஏரியில் அலை அடித்துக்கொண்டிருக்கும். மூன்று இடங்களுக்கும் வீசிய குளிர் ஒன்றுதான். அப்படியிருந்தும் ஏன் இத்தனை வேறுபாடு? இதற்கான விடை தெரிந்துவிட்டால், பனிக்கட்டி மேல் மீன்பிடிப்பதில் பாதியைக் கற்றாயிற்று. மீதிப் பாதி மீன் சம்பந்தப்பட்டது. அதைப் பொறுமையாகக் கற்றுக்கொள்ளலாம்.

சிம்கோ ஏரி டொராண்டோவுக்கு வடக்கே, காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. பரப்பு சுமார் 720 சதுர கிலோமீட்டர். ஸ்காபரோ, மார்க்கம் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் கோடையில் சிபால்ட் பாயிண்ட் பூங்காவுக்குப் போய் நாள் முழுக்க இருந்துவிட்டு வருவது இந்த ஏரிக் கரைக்குத்தான். அதே நீரின் மேல் ஜனவரியில் வரிசை வரிசையாகக் குடில்கள் நிற்கும். ஒவ்வொரு குடிலின் தரையிலும் ஓரிரு துளைகள், துளைகளில் தூண்டில்கள். கனடாவில் பனிக்கட்டி மேல் மீன்பிடிப்பதற்குப் பெயர்போன ஏரி இது. முதன்முறையாகப் போக நினைப்பவர்களுக்காகவும், போகாவிட்டாலும் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஏரி உறையும் வரிசை

மற்ற பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கி அடர்த்தி கூடும். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸ் வரைக்கும் அப்படித்தான் நடந்துகொள்கிறது; அதற்கும் கீழே குளிர்ந்தால் மறுபடி விரிந்து லேசாகிவிடுகிறது. இலையுதிர் காலத்தில் ஏரியின் மேற்பரப்பு குளிரும்போது, குளிர்ந்த நீர் கனத்து அடியில் இறங்குகிறது. அடியிலிருந்து வெதுவெதுப்பான நீர் மேலே வருகிறது. ஏரி முழுவதும் 4 டிகிரிக்கு வரும் வரை இந்தச் சுழற்சி ஓயாது. அதன் பிறகுதான் மேற்பரப்பு நீர், இன்னும் குளிர்ந்தாலும் இறங்காமல், மேலேயே தங்கி உறையத் தொடங்கும்.

இதனால் ஆழம் முக்கியமாகிறது. ஆழமான இடத்தில் கோடையின் வெப்பத்தைத் தேக்கிவைத்திருக்கும் நீர் அதிகம். அத்தனையும் ஆறினால்தான் மேலே ஏடு படியும். சிம்கோவின் தெற்கு மூலையில் உள்ள குக்ஸ் பே விரிகுடாவில் மிக ஆழமான இடமே 15 மீட்டர் அளவில்தான். ஹாலண்ட் ஆறு வந்து சேரும் பகுதியில் இன்னும் ஆழம் குறைவு. ஆகவே அது முதலில் உறையும். டிசம்பரிலேயே ஆட்கள் நடமாடும் ஆண்டுகள் உண்டு. மேற்கே பாரி நகரத்தை ஒட்டிய கெம்பன்ஃபெல்ட் விரிகுடாவின் ஆழம் 41 மீட்டர் வரை போகிறது. அதுவும் விரிந்து பரந்த நடு ஏரியும் கடைசியில்தான் மூடும். பல ஆண்டுகளில் அதற்கு ஜனவரி நடுப்பகுதியோ அதற்குப் பிறகோ ஆகிவிடும்.

ஆழத்தோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. சிறிய குளத்தில் ஒரு அமைதியான இரவு போதும், விடிவதற்குள் ஏடு கட்டிவிடும். இருபது கிலோமீட்டருக்கு மேல் தடையின்றிக் காற்று ஓடும் ஏரியில், இரவில் கட்டிய மெல்லிய ஏட்டைக் காலைக் காற்று உடைத்துத் துண்டு துண்டாக எதிர்க்கரைக்குத் தள்ளிவிடும். பிறகு மீண்டும் கட்டும், மீண்டும் உடையும். உடைந்த துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அப்படியே உறைந்துபோவதும் உண்டு. அதனால் நடுக்குளிர்காலத்தில் நம் காலடியில் கிடப்பது பல வயதுப் பனிக்கட்டிகள் ஒட்டுப்போட்ட பரப்பு. ஒரு இடத்தில் ஒரு மாதம் வளர்ந்த பனிக்கட்டி இருக்கும். இருபது அடி தள்ளி, நாலு நாள் முன்பு வரை திறந்த நீராக இருந்த இடம் இருக்கும். மேலே வெண்பனி பெய்து மூடிவிட்டால் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான்.

குளிர் எப்படிக் கனமாகிறது

ஏடு படிந்த பிறகு பனிக்கட்டி கீழ்நோக்கி வளர்கிறது. கீழேயுள்ள நீர் உறையும்போது வெளியிடும் வெப்பம், ஏற்கனவே உறைந்துவிட்ட பனிக்கட்டியை ஊடுருவி மேலே காற்றுக்குப் போயாக வேண்டும். கனம் கூடக் கூட அந்தப் பாதை நீள்கிறது, வளர்ச்சி மந்தமாகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவில் பணியாற்றிய இயற்பியலாளர் யோசெஃப் ஸ்டெஃபான் துருவக் கடல்களின் பனிக்கட்டியைப் பற்றி இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். இன்றைக்கும் பொறியாளர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கணக்கு எளிதானது. ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே எத்தனை டிகிரி இருந்ததோ, அதையெல்லாம் கூட்டிக்கொண்டே வாருங்கள். மைனஸ் 10 டிகிரியில் 10 நாள் என்றால் 100. அதன் வர்க்கமூலம் 10. ஓரளவு வெண்பனி மூடிய சாதாரண ஏரியில் அதை ஏறத்தாழ 2 ஆல் பெருக்கினால் சென்டிமீட்டரில் கனம் வரும்: 20 செ.மீ. அதே குளிர் நீடித்து 40 செ.மீ. ஆக வேண்டுமென்றால் இருபது நாள் போதாது, நாற்பது நாள் வேண்டும். "போன வாரம் ஆறு அங்குலம், இந்த வாரமும் நல்ல குளிர், இப்போது பன்னிரண்டு இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பனிக்கட்டி தாங்கக்கூடிய பாரம் அதன் கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பணியாற்றிய லார்ன் கோல்ட், உறைந்த ஏரிகளிலும் ஆறுகளிலும் வண்டிகள் மூழ்கிய, மூழ்காத நிகழ்வுகளைத் திரட்டி ஆராய்ந்து 1971-இல் வெளியிட்ட சூத்திரம் இதைத்தான் சொல்கிறது. கனம் இரட்டித்தால் தாங்கும் வலு நான்கு மடங்கு. கனம் பாதியானால் வலு கால் பங்கு. எட்டு அங்குலத்தில் நின்றுகொண்டிருப்பவர் நாலு அங்குலப் பகுதிக்கு நகர்ந்தால் காலடிப் பலத்தில் முக்கால் பங்கை இழக்கிறார். ஒட்டுப்போட்ட பரப்பு என்று மேலே சொன்னதன் உண்மையான ஆபத்து இதில்தான் இருக்கிறது.

வெண்பனிதான் இந்தக் கணக்கை அடிக்கடி குலைப்பது. புதிதாகப் பெய்த வெண்பனிக்குள் காற்று நிறைந்திருப்பதால், பனிக்கட்டியோடு ஒப்பிட்டால் அது பத்து மடங்குக்கும் மேல் மெதுவாக வெப்பத்தைக் கடத்துகிறது. உறைந்த ஏரியின் மேல் கம்பளி போர்த்தியதற்குச் சமம் அது. வெளியே மைனஸ் 20 என்று காட்டினாலும் போர்வைக்கு அடியில் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். புதுமுகங்கள் வெண்பனி குவிந்த இடத்தைப் பார்த்து அங்கே கனம் அதிகம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் உண்மை அதற்கு நேர்மாறு. காற்று துடைத்துவைத்த வெறும் பரப்பில்தான் கனம் கூடியிருக்கும். கரையோர மேடுகளிலும் பனிக்கட்டி முட்டிக்கொண்டு எழுந்த முகடுகளின் ஓரத்திலும் குவிந்த பனிக்கு அடியில் மெலிந்த இடம் ஒளிந்திருக்கும்.

துளை போட்டுப் பார்த்தால் தெரிவது

கரையிலிருந்து இறங்குகிறவர் கையில் முதலில் இருக்க வேண்டியது கடப்பாரை. ஒன்றரை மீட்டர் நீளம், உளிபோல் தட்டிய முனை. ஒவ்வொரு சில அடிக்கும் முன்னால் ஓங்கி ஒரு குத்து குத்திவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். இறுகிய இடத்தில் குத்தினால் கை அதிரும், கணீரென்று சத்தம் வரும். மெலிந்த இடத்தில் சத்தம் மழுங்கும், முனை ஆழமாக இறங்கும், வடுவில் தண்ணீர் ஊறும். ஒரே குத்தில் நீர் தெரிந்தால் வந்த காலடித் தடத்திலேயே திரும்பிவிட வேண்டும்.

கொஞ்சதூரம் போனதும் துளைப்பான். கையால் சுழற்றுவதும் உண்டு, பேட்டரியில் ஓடுவதும் உண்டு. அது இறங்கும்போது மேலே வந்து விழும் சீவல்களைக் கவனியுங்கள். முதலில் வெள்ளையாக, பொருபொருவென்று வரும். பிறகு ஒளி ஊடுருவும் கெட்டித் துணுக்குகளாக மாறும். மேலே இருப்பது வெள்ளைப் பனிக்கட்டி. வெண்பனியில் நீர் ஊறி உறைந்தது; உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்தது. கீழே இருப்பது ஏரி நீரே மெல்ல உறைந்து உருவான தெளிந்த பனிக்கட்டி. அதற்கு நிறமே இல்லை. அடியிலுள்ள ஆழத்தின் இருட்டு தெரிவதால் கறுப்பாகத் தோன்றும். பார்க்க அச்சமூட்டும் அந்தக் கறுப்புதான் வலுவானது. வெள்ளைக்கு அதில் பாதி வலு என்றே கணக்கிட வேண்டும். துளைக்குள் 10 செ.மீ. வெள்ளையும் 12 செ.மீ. கறுப்பும் தெரிந்தால், உங்கள் கையிருப்பு 17 செ.மீ., 22 அல்ல.

முனை அடியைத் துளைத்ததும் நீர் குபுக்கென்று மேலே வரும். சீவல்களை ஓட்டைக் கரண்டியால் வாரி எறிந்துவிட்டு, நுனியில் கொக்கி வைத்த அளவுகோலை உள்ளே விட்டு, பனிக்கட்டியின் அடிவிளிம்பில் மாட்டி அளக்க வேண்டும். கண்மதிப்பு உதவாது, நீருக்குள் தெரியும் எதுவும் உள்ள அளவில் தெரிவதில்லை.

எவ்வளவு இருந்தால் போதும்? கனடா செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் அளவு: தனியாள் நடக்க 15 செ.மீ., ஆட்கள் கூட்டமாகப் பனிச்சறுக்கு ஆட 20 செ.மீ., ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி ஓட்ட 25 செ.மீ. இது தெளிந்த கறுப்புப் பனிக்கட்டிக்கான அளவு. நாலு அங்குலத்தில் நடமாடும் அனுபவசாலிகளை அங்கே பார்ப்பீர்கள். அவர்களுடைய துணிவைக் கடன் வாங்காதீர்கள். காரை ஏரியின் மேல் ஓட்டுவதைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: முதல் சில ஆண்டுகளில் ஒருபோதும் வேண்டாம். வண்டி நகரும்போது அதன் எடையால் பனிக்கட்டி வளைந்து, அடியில் உள்ள நீரில் ஒரு அலை எழுந்து கூடவே ஓடுகிறது. ஆழம் குறையும் கரையருகே வண்டியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றானால், நின்ற நிலையில் தாங்கியிருக்கக்கூடிய பனிக்கட்டியும் உடைந்துபோகும்.

பனிச்சேறு

நிலவரம் சொல்பவர்கள் "பத்து அங்குலம், மேலே நாலு அங்குலம் சேறு" என்பார்கள். பத்து அங்குலம் உறைந்த இடத்தின் மேல் தண்ணீர் எப்படி வந்தது என்று புதியவர் திகைப்பார். ஏரி உருகுகிறதோ என்று பயப்படுவார். உருகுவதால் வந்ததல்ல அது.

பனிக்கட்டியின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் சுமார் 92 சதவீதம். எனவே 30 செ.மீ. கனமுள்ள பனிக்கட்டி மிதக்கும்போது நீர்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ இரண்டரை செ.மீ. மட்டுமே எழும்பி நிற்கும். நீங்கள் போட்ட துளையிலேயே இதைப் பார்க்கலாம்: தண்ணீர் விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழே நிற்கும். இப்போது 25 செ.மீ. புதுப்பனி பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை இரண்டரை செ.மீ. தண்ணீரின் எடைக்குச் சமம். பனிக்கட்டி அப்படியே அமிழ்ந்து நீர்மட்டத்துக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் பெய்யும் ஒவ்வொரு அங்குலமும் அதை நீருக்கு அடியில் அழுத்துகிறது. வெடிப்புகள் வழியாகவும் பழைய துளைகள் வழியாகவும் தண்ணீர் மேலே ஏறி வெண்பனியில் ஊறுகிறது. மேலே உலர்ந்த பனி, நடுவே சேறு, அடியில் நல்ல பனிக்கட்டி. போர்வை மேலே கிடப்பதால் அந்தச் சேறு பல நாள் உறையாமல் கிடக்கும். துளை போட்டதும் நீர் விளிம்பைத் தாண்டி வழிந்து பரவினால் இதுதான் காரணம்.

சேற்றில் உடனடி ஆபத்து குறைவு, அலைக்கழிப்பு அதிகம். காலணி நனைந்தால் மைனஸ் 15-இல் அன்றைய மீன்பிடிப்பு முடிந்தது. ஸ்னோமொபைல் புதைந்தால் அதன் சங்கிலிப்பட்டையைச் சுற்றிச் சேறு உறைந்து இறுகிவிடும். இழுத்து வெளியே எடுக்க நாலு பேர் வேண்டும். வியர்க்க வியர்க்க இழுத்துவிட்டு, அந்த வியர்வையோடு குளிரில் நிற்பது அடுத்த தொல்லை. பின்னர் கடுங்குளிர் வந்து சேறு முழுவதும் உறைந்தால் மேலே வெள்ளைப் பனிக்கட்டி அடுக்கு ஒன்று சேர்ந்துவிடும். நடுவில் நீர் அடுக்கு சிக்கிக்கொண்டிருந்தால் துளைப்பான் முதலில் தொட்ட நீரை ஏரி நீர் என்று எண்ணி ஏமாறக்கூடும். இன்னும் ஆழமாகத் துளைத்துப் பார்க்க வேண்டும்.

காற்று, முகடு, பிளவு

நடுக்குளிர்கால இரவில் பெரிய ஏரியின் மேல் நின்றால் அடியிலிருந்து ஓசைகள் கேட்கும். தொலைவில் தொடங்கும் உறுமல் ஒன்று நம் காலடியைக் கடந்து மறுகோடிக்குப் போகும். முதன்முறை கேட்பவருக்கு உயிரே நின்றுவிடும் போலிருக்கும். வெப்பநிலை மாறும்போது பனிக்கட்டி சுருங்குவதும் விரிவதும் எழுப்பும் ஓசை அது. அதைக் கேட்ட மாத்திரத்தில் ஓட வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஓசைக்குப் பின்னால் நடப்பதைக் கவனித்தாக வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளப் பனிக்கட்டியின் சராசரி வெப்பநிலை 10 டிகிரி மாறினால் அதன் நீளம் ஏறத்தாழ அரை மீட்டர் மாறும். இரவுக் குளிரில் சுருங்கி வெடிக்கும். வெடிப்பில் நீர் புகுந்து உறையும். மறுநாள் வெயிலில் விரியும்போது இடம் போதாமல் இரு பக்கமும் முட்டிக்கொண்டு மேலே எழும். கட்டிகள் தாறுமாறாகக் குவிந்து, கிலோமீட்டர் கணக்கில் நீளும் முகடு உருவாகும். முகட்டின் ஓரம் பனிக்கட்டி கீழே வளைந்திருக்கும், நீர் தேங்கியிருக்கும், சில இடங்களில் திறந்தே இருக்கும். காலையில் கடந்த இடம் மாலையில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. சிம்கோவில் குடில் நடத்துகிறவர்கள் ஒவ்வொரு நாளும் முகட்டைச் சோதித்து, கடக்கும் இடத்தை மாற்றி, கொம்பு நட்டு வழி குறித்துவைப்பார்கள். அந்த வழியை விட்டு விலகாதீர்கள்.

பெரிய ஏரியில் மிக மோசமான விபத்து காற்றால் வருவது. 2009 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலக் கரையோரம் ஈரி ஏரியில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பனிக்கட்டி மேல் மீன்பிடித்துக்கொண்டிருந்தார்கள். கரைக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு வெடிப்பு இருந்தது. அதன் மேல் மரச் சட்டங்களைப் பாலமாகப் போட்டுக் கடந்திருந்தார்கள். குளிர் தணிந்து, கரையிலிருந்து ஏரியை நோக்கிக் காற்று வீசியது. வெடிப்பு அகன்றது, பாலம் போயிற்று, பனிக்கட்டிப் பரப்பு அவர்களையும் சுமந்துகொண்டு ஏரிக்குள் நகர்ந்தது. ஹெலிகாப்டர்களும் படகுகளும் வந்து மீட்டன, ஒருவர் இறந்துபோனார். 2022 நவம்பர் இறுதியில் மினசோட்டாவின் அப்பர் ரெட் ஏரியில் சுமார் 200 பேர் இதேபோல் சிக்கி மீட்கப்பட்டார்கள். அவர்கள் காலடியில் பனிக்கட்டி உடைந்துவிடவில்லை. கரையோடு அதற்கு இருந்த பிடிதான் விட்டுப்போயிற்று.

ஆகவே புறப்படும் முன் வானிலை அறிக்கையில் குளிர் எவ்வளவு என்று பார்ப்பதோடு காற்றின் திசையையும் பாருங்கள். நீங்கள் ஏறும் கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசும் காற்று ஆபத்தானது. ஜாக்சன்ஸ் பாயிண்ட் பக்கம் தெற்குக் கரையிலிருந்து ஏறுகிறவருக்குத் தெற்குக் காற்று பலமாக வீசும் நாள் ஏற்ற நாளல்ல. பலத்த காற்றில் வெண்பனி கிளம்பினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. திசைகாட்டியோ கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸோ இல்லாமல் கரை எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது.

ஆற்று முகத்துவாரம், தீவுகளுக்கு நடுவே நீர் ஓடும் இடுக்கு, படகுத்துறையில் நீரைக் கலக்கும் காற்றுக்குழாய் ஓடும் இடம் ஆகியவை நடுக்குளிர்காலத்திலும் மெலிந்தே இருக்கும். ஜார்ஜினா தீவில் வாழும் சிப்பெவா பூர்வகுடி மக்களுக்கு இதெல்லாம் அன்றாட வாழ்க்கை. மற்றக் காலங்களில் படகில் கரைக்கு வந்துபோகும் அவர்கள் குளிர்காலத்தில் பனிக்கட்டி மேல் அமைந்த பாதையை நம்பியிருக்கிறார்கள். குளிர் தளர்ந்த ஆண்டுகளில் படகும் ஓடாது, பாதையும் தாங்காது என்ற இடைக்காலம் நீண்டுவிடுகிறது. 2024 பிப்ரவரியில் அருகிலுள்ள பேரேரிகளின் மொத்தப் பரப்பில் 3 சதவீதத்துக்கும் குறைவாகவே பனிக்கட்டி இருந்தது. அந்தப் பருவத்துக்கு அது பதிவுகளிலேயே மிகக் குறைவு. நமக்கு அது வாரஇறுதி மீன்பிடிப்பு போன ஆண்டு. தீவில் இருப்பவர்களுக்குப் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் போகும் வழி சம்பந்தப்பட்டது.

பனிக்கட்டிக்குக் கீழே

மேலே ஏடு மூடிய பிறகு ஏரியின் அடுக்கு தலைகீழாகிறது. பனிக்கட்டியை ஒட்டிய நீர் பூஜ்யத்துக்கு அருகில். ஆழத்தில் சற்று வெதுவெதுப்பு. பாடப்புத்தகங்களில் அடிநீர் 4 டிகிரி என்று இருக்கும். சிம்கோ அளவு ஏரிகளில் உறைவதற்கு முன் காற்று வெகுநாள் கலக்கிவிடுவதால் அடிநீரும் பெரும்பாலும் அதற்குக் கீழே இறங்கிவிடுகிறது. வெண்பனி மூடினால் வெளிச்சமும் போகிறது. தாவரங்கள் பிராணவாயு உண்டாக்குவது நின்று, மக்கும் களைகள் இருப்பதை உறிஞ்சத் தொடங்குகின்றன. குக்ஸ் பே போன்ற களை மண்டிய இடத்தில் டிசம்பரில் கரையோரம் இருந்த மீன்கள் பிப்ரவரியில் ஆழமான பக்கம் நகர்வதற்கு இது ஒரு காரணம்.

இந்தக் குளிரில் மீனின் உடலியக்கம் மந்தமாகிறது. ஆனால் எல்லா மீனுக்கும் ஒரே அளவில் அல்ல. புதியவருக்கு முதலில் கிடைப்பது மஞ்சள் பெர்ச். உடலில் பச்சைப் பட்டைகள், ஆரஞ்சுத் துடுப்பு, கையளவு உடல். பகலில் கூட்டமாக அலையும். கூட்டம் துளைக்கு அடியில் வந்தால் பத்து நிமிடம் ஓயாமல் கடிக்கும், பிறகு மணிக்கணக்கில் ஒன்றும் இருக்காது. அதனால் ஒரே துளையில் தவம் கிடப்பதைவிட நாலைந்து துளை போட்டு மாறி மாறிப் பார்ப்பது பலன் தரும். பெர்ச் கடிப்பது இழுப்பாகத் தெரியாது. தூண்டிலின் மெல்லிய நுனி ஒரு நூலிழை அளவு தாழும், அல்லது தொங்கிக்கொண்டிருந்த எடை திடீரென்று காணாமல் போனதுபோல் நுனி நிமிரும். அந்தக் கணத்தில் மணிக்கட்டை லேசாக உயர்த்த வேண்டும். 1990களில் ஏரியில் பரவிய ஸீப்ரா சிப்பிகள் நீரை வடிகட்டித் தெளிய வைத்துவிட்டன. தெளிந்த நீரில் மீன் தடித்த தூண்டில் நரம்பைக் கண்டு ஒதுங்கும். மெல்லிய நரம்பும் சிறிய கொக்கியும் வேண்டும்.

ஆழத்தில் லேக் டிரவுட்டும் வெள்ளைமீனும் உள்ளன. இரண்டும் குளிர்ந்த நீருக்கே உரியவை. நடுக்குளிர்காலத்திலும் சுறுசுறுப்பாக இரைதேடும். வெள்ளைமீன் தரையை ஒட்டி மேய்வது. ஈயக்குண்டைச் சேற்றில் தட்டிக் கலக்கினால் பார்க்க வரும். இரவில் பர்பட் என்ற மீன் வரும். விலாங்கைப் போல் நீண்ட உடலும் தாடையில் ஒற்றை மீசையும் கொண்ட அது, காட் குடும்பத்தில் நன்னீரிலேயே வாழும் ஒரே இனம். மற்றவை இனப்பெருக்கத்துக்கு வசந்தத்தையோ இலையுதிர் காலத்தையோ பார்க்க, இது உறைந்த ஏரிக்கு அடியில் கடுங்குளிரில் முட்டையிடுகிறது.

இந்த மீன்வளம் தானாக நிலைத்திருப்பதல்ல. விளைநிலங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் வந்த பாஸ்பரஸால் பாசி பெருகி, ஆழ்நீரில் பிராணவாயு குறைந்து, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லேக் டிரவுட் இயற்கையாகப் பெருகுவதே கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. குஞ்சுகளை விட்டு வளர்த்துத்தான் காப்பாற்றினார்கள். சிஸ்கோ என்ற ஏரி ஹெர்ரிங் மீன் குறைந்துபோனதால் 2001-இல் அதைப் பிடிப்பதே தடைசெய்யப்பட்டு, 2015-இல்தான் மீண்டும் அனுமதித்தார்கள். 2008-இல் ஒண்டாரியோ இந்த ஒரு ஏரிக்கென்றே பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதனால் திருப்பிவிடும் மீனை மரியாதையோடு நடத்துங்கள். மைனஸ் 15-இல் படம் எடுப்பதற்காகத் தூக்கிப் பிடித்தால் செவுளும் கண்ணும் நொடிகளில் உறையத் தொடங்கும். ஆழத்திலிருந்து வேகமாகச் சுழற்றி இழுத்த பெர்ச்சின் காற்றுப்பை ஊதிவிடும். திருப்பிவிட்டாலும் அது பிழைப்பது கடினம். அப்படிப்பட்டதைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு, வேண்டிய அளவு கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுவது நல்லது.

முதல் தடவை போகிறவருக்கு

முதல் ஆண்டு குடில் நடத்துபவரிடம் பணம் கட்டிப் போங்கள். சங்கிலிப்பட்டை போட்ட வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சூடேற்றிய குடிலில் விடுவார்கள். துளை போட்டுத் தருவார்கள், மாலையில் வந்து அழைத்துக்கொள்வார்கள். அந்தப் பணத்துக்கு நீங்கள் வாங்குவது, அன்றைக்குக் காலையில் அந்த வழியைக் கடப்பாரையால் குத்திப் பார்த்த ஒருவரின் அறிவு. சொந்தமாகக் கூடாரம் வாங்கியவர்கள் எரிவாயு அடுப்பு வைத்தால் மேலும் கீழும் காற்றுத் திறப்பை அடைக்காமல் வைத்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தலைவலியும் தூக்கமும் வந்தால் உடனே வெளியே வர வேண்டும்.

மிதக்கும் உடை, கழுத்தில் தொங்கும் பனி ஊசிகள் (நீரில் விழுந்தால் பனிக்கட்டியில் குத்திப் பிடித்து ஏற உதவும் கைப்பிடி ஊசிகள்) இரண்டு, கயிறு, மாற்று உடை, கூட ஒருவர். இவை இல்லாமல் இறங்க வேண்டாம். நீரில் விழுந்தால் நடப்பதை மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று சுருக்கமாகச் சொல்கிறார். முதல் 1 நிமிடம் மூச்சு திணறும். அதை அடக்குவது மட்டுமே வேலை. அடுத்த 10 நிமிடம் கைகால்கள் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். குளிர் உடனே கொல்வதில்லை. பதற்றத்தில் முதல் நிமிடத்தை வீணாக்கியவர்கள்தான் அதிகம் மூழ்குகிறார்கள். வந்த திசைக்குத் திரும்பி, ஊசிகளை விளிம்பில் குத்தி, கால்களை நீரில் உதைத்து உடலைக் கிடைமட்டமாக்கி மேலே வழுக்கி ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும்.

ஒண்டாரியோவில் பெரும்பாலான பெரியவர்களுக்கு மீன்பிடி உரிமம் கட்டாயம். பொதுவாகப் பனிக்கட்டி மேல் ஒருவர் இரண்டு தூண்டில் போடலாம். இரண்டும் 60 மீட்டருக்குள், கண்பார்வையில் இருக்க வேண்டும். எத்தனை மீன், எந்த மீன் என்பதை அந்தந்த ஆண்டின் விதிக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி கழிந்து வெயில் ஏறும்போது கனத்தின் எண் பொய் சொல்லத் தொடங்கும். வெயில் பனிக்கட்டியின் படிக எல்லைகளை உருக்கி, செங்குத்தான குச்சிகளாகப் பிரித்துவிடும். அளவுகோல் 40 செ.மீ. காட்டும், கடப்பாரை ஒரே குத்தில் இறங்கிவிடும். இந்த ஏரியில் குடில்களை மார்ச் 15க்குள் கரையேற்றிவிட வேண்டும் என்பது விதி. வெயில் முந்திக்கொண்ட ஆண்டுகளில் குடில்காரர்கள் அந்தத் தேதி வரை காத்திருப்பதில்லை.